பின்வாசல் பேரேடு

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன்.
ரெசிஃபே நகரில் கடலைப் பார்த்து நிற்கும்
பதினான்கு மாடிக் கட்டடத்தின் வாயிற்காவலன்.
பெயர் ஜெனிவால்டோ. நிறம் அவள் நிறம்தான்,
சீருடை மட்டும் வெள்ளை.

அங்கே இரண்டு லிஃப்ட்.
முன்பக்கத்தது கண்ணாடியும் பித்தளையும்.
பின்பக்கத்தது குப்பைக்கும் நாய்க்கும்
டால்வனீராவுக்கும்.
பின்வழியாக ஏறுகிறவர்களைக் குறித்துவைப்பது என் வேலை:
பெயர், மணி, கையில் என்ன.
இறங்கும்போது பையைத் திறக்கச் சொல்வேன்.
பதினோரு வருஷம் திறந்தாள்.
என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.
பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நிற்பாள்,
தனக்கே தெரியாத எதுவோ அதில் இருப்பதுபோல.

ஒரு செவ்வாய்க்கிழமை
ஒன்பதாம் மாடி அம்மாள் அவளை நிறுத்திவிட்டாள்.
மூட்டு தேய்ந்து மெதுவாகிவிட்டாளாம்.
அந்த வீட்டு டிரைவரின் வேலைப் புத்தகத்தில் கையெழுத்து உண்டு,
ஆண், கொஞ்சம் வெளுத்தவன், ஓய்வூதியம் வரும்.
இவள் புத்தகம் வெறும் தாள்.
"நீ எங்கள் வீட்டுப் பெண் மாதிரி, உனக்கு எதற்கு அதெல்லாம்?"

வழக்கு என்றதும் அவள் புருஷனே சிரித்தானாம்.
"நம் நிறத்துக்கு, அதுவும் ஒரு பொம்பளைக்கு,
நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்களா அங்கே?"
அவன் தட்டில் அவரைக்குழம்பை ஊற்றிவிட்டு
பஸ்ஸுக்குச் சில்லறை எண்ணினாள்.

என்னிடம் வந்தாள். முன்வாசல் வழியாக.
"நோட்டுகள் வேண்டும். ஏழும்."
"என் வேலை போய்விடும்."
"உன் கையெழுத்து அழகு, ஜெனிவால்டோ.
நீதிபதி சிரமப்படமாட்டார்."

அலமாரிச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
தண்ணீர் குடிக்கப் போனேன்.
நெடுநேரம் குடித்தேன்.
திரும்பினால் அங்கேயே நிற்கிறாள்,
சாவி நகரவில்லை.
"நான் எடுத்தால் அது திருட்டு.
நீயே பையைத் திறக்கச் சொல்வாய்.
நீ கொண்டுவந்தால் சாட்சி.
தண்ணீர் குடித்தது போதும்."

மின்விசிறி கிறீச்சிடும் அறை அது.
"உண்ட வீட்டுக்கு இரண்டகம்" என்றாள் அம்மாள், கண்ணைத் துடைத்தபடி.
மூலையில், நின்றுகொண்டு, தனித்தட்டில் உண்டதை
எவரும் எழுதிவைக்கவில்லை.
இருந்ததெல்லாம் நான் எழுதியதுதான்.
நீதிபதி வாசித்தார்:
காலை ஆறு பத்து. டால்வனீரா. பின் லிஃப்ட். கையில் குடை.
இரவு எட்டரை. டால்வனீரா. பை சோதிக்கப்பட்டது.
காலை ஆறு ஐந்து. கிறிஸ்துமஸ்.
காலை ஆறு பத்து.
காலை ஆறு பத்து.

"குடும்பத்தில் ஒருத்தியாகத்தான் நடத்தினார்கள்" என்று
வக்கீல் எழுந்தார்.
அவளும் எழுந்தாள். மூட்டு நொறுங்கும் சத்தம் எனக்கே கேட்டது.
"ஐயா, அந்தக் குடும்பத்தார் பெயர்
இந்த நோட்டில் எங்காவது இருக்கிறதா, பாருங்கள்."

யாரோ இருமினார்கள்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை.
"நான்காம் நோட்டு. ஜூன். தெருவெல்லாம் வெள்ளம்,
பள்ளிக்கூடம் மூடிய நாள். அதையும் வாசியுங்கள்."
"சம்பளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லையே, அம்மா."
"வாசியுங்கள்."

சிறுமி, ஒன்று. கையில் ஒன்றுமில்லை.

அன்று அந்தப் பிள்ளை ஓடிப்போய்
பித்தளைப் பொத்தானை அழுத்திவிட்டாள்.
கையைப் பிடித்து வெளியே இழுத்தவன் நான்.
டால்வனீரா மகளின் சட்டைத் தோளை நீவிச் சரிசெய்தாள்,
என்னை ஒரு சொல் சொல்லவில்லை.
ஏழு வருஷம் கழித்து இங்கே சொல்கிறாள்,
அதுவும் என்னிடமல்ல:
"அவளுக்குப் பெயர் உண்டு. ரொசினெய்டி.
எழுதிக்கொள்ளுங்கள்."
தட்டச்சுப் பெண் தடுமாற, எழுத்தெழுத்தாய்ச் சொன்னாள்.

தீர்ப்பு வர இரண்டு வருஷம் ஆனது,
வந்த பணம் பாதிக்கும் குறைவு, அதுவும் தவணையில்.
என் வேலை அந்த வாரமே போயிற்று.
இப்போது மீன்சந்தையில் இரவுக் காவல்,
உள்ளே போகிறவர்களை எழுதச் சொல்லி யாரும் கேட்பதில்லை.
ஆனாலும் சில இரவுகளில்
அந்த இயந்திரம் காதில் தட்டுகிறது.
ஒன்பது எழுத்து.
நான் அன்று கேட்டிருந்தால்
அரை நிமிஷம் ஆகியிருக்கும்.